வழிப்போக்கரும் வழியச்சமும்

ஊர்விட்டு ஊர் செல்வோர் உள்ளத்தில் முதற்கண் எழும் வினா, ‘வழியில் யாதேனும் தீங்கு நேருமோ?’ என்பதே. இவ்வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. நிலத்தை ஐந்திணையாகப் பகுத்த நம் முன்னோர், பாலைக்கு உரிய தொழில்களுள் ஆறலைத்தலையும் ஒன்றாக வைத்தனர். வழிப்போக்கரைக் கொள்ளையிட்ட தலைவர் ஒருவரே பின்னர்த் திருமங்கையாழ்வார் ஆயினார் என்று வைணவ மரபு கூறும். கள்வர் அச்சம் நம் நாட்டு வழிகளோடு உடன்பிறந்தது எனினும் மிகையாகாது.

அவ்வச்சத்தை இவ்வாண்டு மலரில் ஆராயப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. நம் கலாசாலை மாணாக்கர் சிலர், திருப்பெரும்பூதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளிற் பயிற்சி பெறச் செல்லவிருந்தகாலை, பெற்றோர் சிலர் பெரிதும் தயங்கினர். ‘அது கொலையும் கொள்ளையும் மலிந்த இடமன்றோ?’ என்பது அவர்தம் கேள்வி. பெண்மக்களைப் பெற்றோர் சிலர் இசைவுச் சீட்டிற் கையெழுத்திடவே மறுத்துவிட்டனர். அக்காலத்திலேயே, விடுதிச் சமையலறையில் வேலை செய்யும் பீகார் இளைஞர் ஒருவர், தம் தம்பியை அதே ஊர்த் தொழிற்சாலையிற் சேர்க்க விரும்பியும், ‘தமிழ்நாட்டில் நம்மவரை அடிக்கின்றனராமே’ என்று தாயார் தடுத்துவிட்டதாக நம்மிடம் சொல்லி வருந்தினார். ஓர் ஊரைப்பற்றி இரு திசையினின்றும் இரு வேறு அச்சங்கள்! இவற்றுள் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று அளந்து பார்த்தல் நம் கடமை ஆயிற்று.

இடத்தின் இயல்பை முதற்கண் கூறுவோம். திருப்பெரும்பூதூர், சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூர்ப் பெருஞ்சாலையில் உள்ளது; இராமாநுசர் பிறந்த தலம். அதற்குத் தெற்கே, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் அமைந்துள்ளது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்கள் செய்யத் தொடங்கிய பின்னர், இவ்வட்டாரம் விரைந்து மாறியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. பாரவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் கைபேசிகளும் இங்கே உருவாகின்றன. கொரியரும் ஜப்பானியரும் அலுவல்பற்றி வருகின்றனர். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய மாநிலத்தார் பிழைப்புப்பற்றி வருகின்றனர். தென்மாவட்டத்துப் பெண்மக்கள் பலர் விடுதிகளில் தங்கி வேலை செய்கின்றனர். வழிப்போக்கரே மிகுந்த ஊர் இஃது என்னலாம்.

நிற்க. குற்றங்களைப்பற்றிய அச்சத்தை எங்ஙனம் அளப்பது? இதற்கு மெக்ஸிக்கோ நாடு ஒரு நல்ல சான்றாகும். அங்கு 2018 முதல் 2022 வரை ஒவ்வோராண்டும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட கொலைகள் நிகழ்ந்தன. மக்கட்டொகையில் அதனினும் பத்து மடங்குக்கு மேற்பட்ட இந்தியாவில், 2022-இற் பதிவான கொலை வழக்குகள் 28,522. ஆதலின் மெக்ஸிக்கோவைப்பற்றிய அச்சம் வெறுங்கற்பனை அன்று. ஆயினும், கடற்கரைகளையும் மாயர் கட்டிய பழங்கோயில்களையும் காண ஆண்டுதோறும் கோடிக்கணக்கானோர் அங்குச் சென்று நலமே மீள்கின்றனர். எங்ஙனம் எனின், அக்கொலைகளிற் பெரும்பகுதி போதைப்பொருள் விற்கும் கூட்டத்தார் தமக்குள் இடுகின்ற போரால் விளைவது; அது நாடெங்கும் ஒரே அளவாகப் பரவியதும் அன்று. இதனை உணர்ந்தே ஐக்கிய அமெரிக்க அரசாங்கத்தார், தம் குடிகளுக்கு விடுக்கும் எச்சரிக்கையில் அந்நாட்டை ஒன்றாகக் கூறாது, மாநிலந்தோறும் நான்கு படிகளாக வகுத்துக் கூறினர். 2023-இல் யூக்கட்டான் மாநிலம் அச்சம் மிகக்குறைந்த முதற்படியில் இருந்தது. கெரேரோ, சினலோவா ஆகியன ‘செல்லற்க’ என்னும் நான்காம் படியில் இருந்தன. ‘மெக்ஸிக்கோ அபாயமானதா?’ என்பது பயனில் கேள்வி. ‘எவ்விடத்தில், எவர்க்கு, எதனால் அபாயம்?’ என்பதே பயனுடைய கேள்வி.

இம்மூன்று கேள்விகளையும் நம் தொழில்வட்டாரத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். இங்குக் கொடுங்குற்றம் இல்லையென்று நாம் கூறோம். தொழிற்சாலைகளிற் கழிக்கப்படும் இரும்பு முதலிய பழஞ்சரக்கை ஏலம் எடுப்பதிற் பெரும்பணம் புழங்குகின்றது. அப்பணத்தைப்பற்றி ரௌடிக் கூட்டத்தாரிடையே மிரட்டலும், வெட்டுக்குத்தும், கொலையும் நிகழ்ந்ததுண்டு. பத்திரிகைகளிற் பெரிதாக வெளிவருவன பெரும்பாலும் இவையே. ஆயினும் அவ்வரிவாள் தேடிச் செல்வது தன் போட்டியாளனை. பேருந்துக்காக நிற்கும் மாணாக்கனை அன்று. வழிப்போக்கர்க்கு நேரக்கூடியவை வேறு: நெரிசலிற் பணப்பையை இழத்தல், தனிவழியிற் கழுத்துச் சங்கிலியையோ கைபேசியையோ பறிகொடுத்தல், தனியே செல்லும் பெண்மக்கள் சீண்டப்படுதல் ஆகியன. இவை துன்பந்தருவனவே, ஆயினும் விழிப்பாலும் துணையாலும் பெரிதும் குறைக்கத்தக்கன.

இன்னுமொன்று உண்டு. முற்காலத்தில் ‘தக்கர்’ எனப்பட்ட கொள்ளையர், வழிப்போக்கரை எதிர்த்துப் பாய்ந்தாரல்லர். இன்சொற்பேசி உடன்வந்து, நம்பிக்கை பெற்ற பின்னரே கழுத்திற் சுருக்கிட்டனர். அவர்களை அடக்க 1836-இல் தனிச் சட்டமே இயற்றப்பெற்றது. கயிறு போயினும் தந்திரம் போகவில்லை. ‘பெரிய தொழிற்சாலையில் வேலை உறுதி, முன்பணம் மட்டும் அனுப்புக’ என்று கைபேசியில் இன்சொற்கூறும் முகமறியாத் தரகன், அப்பழைய தந்திரத்தின் வழித்தோன்றலே ஆவன். ஊரினின்றும் புறப்படு முன்னரே பொருளை இழப்பார் உளர். எனவே, இருட்டில் நிற்கும் அயலானுக்கு மட்டும் அஞ்சி, இனிதுபேசும் அயலானை நம்புதல் அறிவுடைமை ஆகாது.

திருப்பெரும்பூதூர் என்றவுடன் பலர்க்கும் நினைவிற்கு வருவது, 1991 மே 21 இரவில் இராஜீவ் காந்தி மனிதவெடிகுண்டாற் கொல்லப்பட்ட கொடுமை. அவருடன் காவலர் உட்படப் பலரும் மாண்டனர். 2003-இல் திறக்கப்பெற்ற நினைவிடம் இன்றும் அவ்விடத்தில் உள்ளது. தேசமே கலங்கிய அந்நிகழ்ச்சியால் ஊரின் பெயர் குருதியோடு சேர்ந்துவிட்டது. ஆயினும் அஃது ஒரு தலைவரைக் குறித்து, வெளியிலிருந்து வந்த கூட்டத்தார் செய்த அரசியற் கொலை. ஊரார் வழிப்போக்கர்க்கு இழைத்ததன்று. பெருந்துயரம் நெஞ்சில் ஊரின் பெயரைப் பொறித்துவிடுகின்றது. அப்பொறிப்பை நாம் அபாயத்தின் அளவென்று மயங்குகின்றோம்.

அச்சம் மெய்யின் துணையின்றியும் வளரும் என்பதற்கு 2023 மார்ச்சு மாதமே சான்று. வடமாநிலத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுகின்றனர் என்று சில காணொளிகள் கைபேசி வாயிலாக நாடெங்கும் பரவின. தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் உடனே மறுத்தார்: பரவியவற்றுள் ஒன்று பீகார்த் தொழிலாளரின் இரு குழுவினர் தமக்குள் இட்ட சண்டை, மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூரார் தமக்குள் நேர்ந்தது. பீகார் அரசாங்கத்தார் அனுப்பிய அதிகாரிகள் நேரில் வந்து தொழிலாளரைக் கண்டு பேசினர். தாக்குதற்செய்தி பொய்யென வெளிப்பட்டது. பொய்யைப் பரப்பியோர்மீது வழக்குகள் தொடரப்பெற்றன. எனினும் அதற்குள் கலங்கிய தாய்மார் எத்தனையோ பேர்! நம் விடுதி இளைஞரின் தாயார் அஞ்சியதும் அக்காணொளிகளைக் கண்டேயாம். மறுப்புச் செய்தி அவ்வம்மையார் கைபேசிக்கு வந்து சேரவேயில்லை. பொய் தானே நடந்து செல்லும். மெய்யையோ ஒருவர் சுமந்து செல்லல் வேண்டும்.

அங்ஙனமாயின், இவ்வட்டாரத்து வழிப்போக்கர் எதற்குமே அஞ்சவேண்டுவதில்லையோ எனின், உண்டு. அஃது அவர் நிற்கும் சாலையே. இந்தியாவில் 2022-இற் பதிவான கொலை வழக்குகள் 28,522 என்றோமன்றோ? அவ்வாண்டிற் சாலை விபத்துக்களால் மாண்டோர் 1,68,491 பேர். ஏறத்தாழ ஆறு மடங்கு. தமிழ்நாட்டில் மட்டும் அவ்வாண்டு 64,105 விபத்துக்களும் 17,884 மரணங்களும் நேர்ந்தன. விபத்துக்களின் எண்ணிக்கையில் நம் மாநிலமே முதலிடம் பெற்றது. நாடெங்கும் மாண்டோருள் நூற்றுக்கு நாற்பத்துநால்வருக்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டியிற் சென்றோர். ஏறத்தாழ இருபதின்மர் நடந்து சென்றோர்.

இவ்வெண்களுக்குத் திருப்பெரும்பூதூரும் ஒரகடமும் புறம்பல்ல. பெட்டகங்களைச் சுமந்த நீண்ட லாரிகள் ஒருபுறம். முறை மாறும் வேளையில் விரையும் தொழிற்சாலைப் பேருந்துகள் ஒருபுறம். இரவுவேலை முடித்து, உறக்கங் கண்ணைச் சொருக, தலைக்கவசமின்றி ஒரே வண்டியில் மூவராய்ச் செல்லும் இளைஞர் ஒருபுறம். மேம்பாலத்தைச் சுற்றிச் செல்லச் சோம்பி, நடுத்தடுப்பைத் தாண்டுவோர் ஒருபுறம். கத்தியைக் கண்டால் நடுங்கும் நாம், இவற்றைக் கண்டு சிறிதும் நடுங்குகின்றிலம். காரணம் யாது? கொலை அரிது, ஆதலின் செய்தியாகின்றது. விபத்து நாடோறும் நிகழ்வது, ஆதலின் செய்தியாவதில்லை. கேட்பதைக்கொண்டே அஞ்சுவோர்க்கு, கேளாத அபாயம் அபாயமாகத் தோன்றுவதில்லை. இசைவுச் சீட்டிற் கையெழுத்திட மறுத்த தந்தையார் ஒருவர், தம் மகன் தலைக்கவசமின்றிக் கலாசாலைக்கு வருதலை ஒருநாளும் தடுத்தாரல்லர் என்பதையும் நாம் அறிவோம்.

இனி, செய்யத்தக்கவை சில. வேலைக்கு வருவோர் எவர்க்கும் முன்பணம் கொடாது, தொழிற்சாலையாரிடமே நேரில் விசாரித்தறிக. ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க. இரவிற் செல்வோர் துணையோடு செல்க. செல்லும் வழியை வீட்டார்க்கு அறிவிக்க. காவலர் உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, மருத்துவ வண்டிக்கு 108 ஆகிய எண்களை நினைவிற்கொள்க. வண்டியிற் செல்வோர் தலைக்கவசம் அணிக; சாலையைக் கடப்போர் கடக்கும் இடத்திலேயே கடக்க. விபத்துற்றாரைக் கண்டால் ஒதுங்கிச் செல்லற்க. உதவியோரை வழக்கில் துன்புறுத்தலாகாதென 2019-இல் மோட்டார் வாகனச் சட்டமே திருத்தப்பெற்றது. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்–நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டம், இம்மாநிலத்துச் சாலைகளில் அடிபட்டோர்க்குக் குறித்த மருத்துவமனைகளில் முதல் 48 மணிநேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கின்றது. அவர் தமிழரா, பீகாரியா, கொரியரா என்று அது வினவுவதில்லை.

அச்சம் வேறு, எச்சரிக்கை வேறு. அச்சம் மனிதனை வீட்டில் அடைக்கின்றது. எச்சரிக்கை அவனை வீடு கொண்டுவந்து சேர்க்கின்றது. அச்சத்தின் விலையும் சிறிதன்று: ஒரு பெண்ணின் பயிற்சி, ஓர் இளைஞனின் கூலி, இரு மாநிலத்தாரின் நட்பு ஆகியன அதற்குப் பலியாகின்றன. நம் மாணாக்கரோ, ஆசிரியர்கள் பெற்றோரோடு இருந்து பேசிய பின்னர், மகளிர் உட்பட அனைவருமே பயிற்சிக்குச் சென்று மீண்டனர். விடுதி இளைஞரின் தம்பியும் ஒரகடம் வந்து சேர்ந்துள்ளார். முதல் மாதச் சம்பளத்தில் அவர் வாங்கியது யாதென வினவினோம். தமையனார் புன்னகையோடு, ‘தலைக்கவசம்’ என்றார். அளவறிந்து அஞ்சும் வழிப்போக்கர் அவரே என்று நாம் மகிழ்ந்தோம்.