பஸ் டிக்கெட் காசுல என்ன பெருசா மிச்சம் ஆகப் போகுது?

போன மாசம் எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தர் கேட்டார்: "சார், எஸ்ஐபி ஆரம்பிக்கணும். எந்த ஃபண்ட் நல்லா இருக்கும்?"

கைக்கு வரும் சம்பளம் 24,000. ஃபண்ட் பெயர் சொல்வதற்கு முன், யுபிஐ ஹிஸ்டரியைக் காட்டச் சொன்னேன். மேடவாக்கத்தில் ரூம், சைதாப்பேட்டையில் ஆபீஸ். காலையும் மாலையும் பைக் டாக்ஸி. ஒரு ட்ரிப்புக்கு 120 முதல் 150 வரை. மொத்தம் கூட்டிப் பார்த்தால் ஒரு மாதத்துக்கு 6,400 ரூபாய். அதாவது சம்பளத்தில் கால் பங்குக்கும் மேல் ரோட்டிலேயே போகிறது.

"பஸ்ல வரலாமே?" என்றேன். "அதுல என்ன சார் பெருசா மிச்சம் ஆகப் போகுது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஊருக்கு அப்பாவுக்கு மாசம் 3,000 அனுப்பிட்டு இருந்தேன் சார். ரெண்டு மாசமா அனுப்பல. அவரும் கேட்கல."

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கடைசி வரிதான்.

முதல்ல, பாஸ் கணக்கு

சென்னை எம்டிசியில் 1,000 ரூபாய்க்கு ஒரு மாதாந்திர பாஸ் இருக்கிறது. ஏசி பஸ் தவிர மற்ற பஸ்களில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். 2025-ல் ஏசி பஸ்ஸையும் சேர்த்து 2,000 ரூபாய் பாஸ் வந்தது.

"எனக்கு பாஸ் லாபமா?" என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு வகுத்தல் போதும். பாஸ் விலையை, நீங்கள் மாதத்தில் போகும் ட்ரிப் எண்ணிக்கையால் வகுங்கள்.

மாதம் 24 நாள் ஆபீஸ் என்றால் 48 ட்ரிப். 1,000 ÷ 48 = சுமார் 21 ரூபாய். ஒரு வழிக்கு நீங்கள் கொடுக்கும் மொத்த டிக்கெட் காசு 21-க்கு மேல் இருந்தால் பாஸ் லாபம். ரெண்டு பஸ் மாறிப் போகிறீர்கள் என்றால் ரெண்டு டிக்கெட்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வாரத்தில் 3 நாள்தான் ஆபீஸ், மீதி வீட்டிலிருந்து வேலை என்றால்? மாதம் 13 நாள், 26 ட்ரிப். 1,000 ÷ 26 = சுமார் 38 ரூபாய். அதற்குக் குறைவாகத்தான் டிக்கெட் என்றால் பாஸ் எடுக்காதீர்கள். அன்றன்றைக்கு டிக்கெட் வாங்குவதே லாபம். "பாஸ் எப்பவுமே மிச்சம்" என்பது தப்பு. உங்க ட்ரிப் எண்ணிக்கைதான் அதை முடிவு செய்யும்.

தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் இருக்கப் போகிற மாதத்திலும் இதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

பெண்களுக்கு

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. உங்கள் ரூட்டில் அந்த பஸ் அடிக்கடி வந்தால் பாஸே தேவையில்லை. ஆனால் அந்த மிச்சம் தானாகச் சேமிப்பாக மாறாது. தினம் 40 ரூபாய் மிச்சம் என்றால் மாதம் 24 நாளுக்கு 960 ரூபாய். சம்பளம் வந்த அன்றே அதை ஒரு ஆர்டிக்கு மாற்றி விடுங்கள். இல்லையென்றால் மாசக் கடைசியில் அந்தக் காசு எங்கே போச்சுன்னே தெரியாது.

சில்லறை, கார்டு, ஆப்

"சில்லறை இல்லப்பா, இறங்கும்போது வாங்கிக்கோ" என்று கண்டக்டர் டிக்கெட் பின்னாடி எழுதிக் கொடுத்து, கூட்டத்தில் மறந்து இறங்கிய அனுபவம் நம்ம எல்லோருக்கும் உண்டு. இப்போது அதற்கு வழி இருக்கிறது. சிங்கார சென்னை கார்டு எம்டிசி பஸ்ஸிலும் செல்லும், மெட்ரோவிலும் செல்லும். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' ஆப்பில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் டிக்கெட்டை ஒரே இடத்தில் எடுக்கலாம்.

கார்டில் மட்டும் ஒரு கவனம். அதில் ஏற்றும் பணத்துக்கு வட்டி கிடையாது. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஏற்றுங்கள்.

பஸ் காசுக்கு டாக்ஸ் சலுகை உண்டா?

என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. 2017-18 நிதியாண்டு வரை போக்குவரத்துப் படியில் மாதம் 1,600 ரூபாய்க்கு வரிவிலக்கு இருந்தது. அதற்கு அடுத்த வருடமே அதை எடுத்துவிட்டு, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கொண்டு வந்தார்கள். புதிய வரி முறையில் இப்போது அது 75,000 ரூபாய். பழைய முறையில் 50,000. இதற்கு ஒரு பில்லும் காட்ட வேண்டியதில்லை. எனவே ஆபீஸ் போய் வந்த டிக்கெட்டை எல்லாம் பின் அடித்து வைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

ரெண்டு விதிவிலக்கு உண்டு. மாற்றுத்திறனாளி ஊழியர்களில் குறிப்பிட்ட சில குறைபாடுகள் உள்ளவர்களுக்குப் போக்குவரத்துப் படியில் ஒரு வரம்பு வரை விலக்கு இன்னும் இருக்கிறது. புதிய முறையிலும் உண்டு. எச்ஆரிடம் கேட்டு வாங்குங்கள். அடுத்தது, கிளையண்ட் ஆபீஸ், பேங்க் என்று வேலை விஷயமாக நீங்கள் அலைவது. அந்தச் செலவைக் கம்பெனியிடம் க்ளெய்ம் பண்ணுங்கள். அந்த டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள்.

அந்தத் தம்பியின் கணக்கு

பைக் டாக்ஸியை அடியோடு விடச் சொல்லவில்லை. சொன்னாலும் நடக்காது. 1,000 ரூபாய் பாஸ், லேட்டாகும் நாளுக்கு மாதம் 4 ட்ரிப் பைக் டாக்ஸி 600 ரூபாய். மொத்தம் 1,600. மிச்சம் 4,800.

அதில் 3,000 அப்பாவுக்கு. 1,500 ஆர்டியில். ஒரு வருடத்தில் அசல் மட்டும் 18,000 சேரும். அதுதான் அவருடைய முதல் எமர்ஜென்சி ஃபண்ட். எஸ்ஐபி அதற்கு அப்புறம். மீதி 300 டீக்கும் வடைக்கும்.

இதற்கு அவர் கொடுக்கும் விலையும் இருக்கிறது: காலையில் 40 நிமிடம் முன்னாடி எழுந்திருக்க வேண்டும், கூட்டத்தில் நிற்க வேண்டும். அதை மறைத்து "பஸ் சூப்பர்" என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் போன வாரம் வந்து சொன்னார்: "காசு அனுப்பிட்டேன் சார். 'உனக்கு வேணாமாடா?'ன்னு அப்பா கேட்டார்."

இன்றைக்கு ராத்திரி உங்கள் யுபிஐ ஹிஸ்டரியில் போன மாதப் பயணச் செலவை மட்டும் கூட்டிப் பாருங்கள். வர்ற தொகையைப் பார்த்துட்டு, மிச்சத்தை யார்கிட்ட அனுப்பணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க.