ஓக் மரத்தடியில் ஒரு தட்டு விளையாட்டு

என் பெண்ணுக்குப் பிரசவமாகி ஐம்பது நாள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "அம்மா, வா, தட்டு வீசி விளையாடப் போவோம்" என்றாள். 'ஏட்டி, பச்சை உடம்புக்காரி! இப்போது என்ன விளையாட்டு?' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் இருந்தது.

உடன்குடிக் கருப்பட்டி, சுக்கு, திப்பிலி, பிரசவ லேகியம் எல்லாம் கட்டிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பேறுகாலம் பார்க்கப் போயிருந்தேன். குழந்தை சௌக்கியம். தாய்தான் சரியாக இல்லை. குழந்தை தூங்கினாலும் இவளுக்குத் தூக்கம் வராது. சோற்றைப் பிசைந்துகொண்டே கண்ணீர் விடுவாள். "பிள்ளை பெற்றவள் அழக் கூடாதுடி, பால் வற்றிப் போகும்" என்று அதட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆறாவது வாரப் பரிசோதனையில் டாக்டரம்மா நாலு கேள்வி கேட்டார். விஷயம் வெளியே வந்துவிட்டது. "இது பிடிவாதமும் இல்லை, சோம்பலும் இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு" என்றார். மனம்விட்டுப் பேசும் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். உடம்பையும் பார்த்துவிட்டு, "தினமும் வெளியே நடங்கள். முன்பு பிடித்த எதையாவது மறுபடி ஆரம்பியுங்கள்" என்றார். பிள்ளை உண்டாகும் முன்பு அவளுக்குப் பிடித்தது இந்தத் தட்டு விளையாட்டுத்தான். குழந்தையை மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார். தாயும் மகளும் கிளம்பினோம்.

மட்டையில்லாத கோல்ஃப்

இதற்கு டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். பந்து, மட்டை எதுவும் கிடையாது. கடற்கரையில் பிள்ளைகள் வீசுகிற பிளாஸ்டிக் தட்டைவிடச் சிறிய தட்டு. ஓரம் மெல்லிசாக இருக்கும். குறித்த இடத்தில் நின்று வீச வேண்டும். விழுந்த இடத்துக்கு நடந்துபோய், அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். கடைசியில், கம்பத்தில் தொங்கும் சங்கிலிகளில் பட்டுக் கீழே இருக்கும் கூடையில் விழ வேண்டும். குறைந்த வீச்சில் போட்டவரே கெட்டிக்காரர். முழு ஆட்டத்துக்குப் பெரும்பாலும் 18 கூடைகள்.

நாங்கள் போனது பாஸடேனா நகரை ஒட்டிய ஓக் குரோவ் என்ற மரத்தோப்புக்கு. பிரிஸ்பி தட்டைச் சீராகப் பறக்கும்படி திருத்தியமைத்த எட் ஹெட்ரிக் என்பவர், 1975-ல் இங்கேதான் இந்த விளையாட்டுக்கென்று உலகின் முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தார். ஆரம்பத்தில் வெறும் கம்பங்கள்தான். தட்டு பட்டதா இல்லையா என்ற வாக்குவாதம் தீரத்தான் சங்கிலியும் கூடையும் வந்தனவாம். 2002-ல் அவர் காலமானபோது, அவருடைய ஆசைப்படியே அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள் என்று மகள் சொன்னாள். எப்பேர்ப்பட்ட ஆசை பாருங்கள்!

ஆடுகளத்துக்கு ஐம்பது வயதாகிவிட்டது. மரங்களுக்கு அதைவிட அதிகம். குடை விரித்தாற்போல் கிளைகள்; இலையின் ஓரத்தில் சின்னச் சின்ன முள். எங்கள் பக்கத்து உடைமரம் ஞாபகத்துக்கு வந்தது.

நான் வீசிய முதல் தட்டு பக்கத்து மரத்தில் 'டொக்'கென்று மோதி என் காலடிக்கே உருண்டு வந்தது. மகள் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

"பலமா வீசாதேம்மா, நேரா வீசு. இங்கே பலம் செல்லாது. மரம் விட்ட வழியிலேதான் போகணும்."

நாலாவது கூடைக்கு நடக்கும்போது, தரையைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள்: "அம்மா, பிள்ளை மேலே எனக்குப் பாசமே வரலையோன்னு பயமா இருக்கு."

வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது வராத பேச்சு, பக்கத்தில் நடக்கும்போது வந்துவிட்டது. நான் புத்தி சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வேருக்கும் ஓய்வு வேண்டும்

சில மரங்களின் வேர் மண்ணுக்கு மேலே புடைத்துக்கொண்டு நின்றது. வருஷக்கணக்காக ஆட்கள் மிதித்தால் மண் இறுகி, வேருக்குக் காற்றும் நீரும் சரியாகப் போகாதாம். அதனால் பழைய ஆடுகளங்களில் மரத்தடியில் மரச்சீவலைப் பரப்புகிறார்கள். கூடையை அவ்வப்போது இடம் மாற்றி, மிதிபட்ட நிலத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள்.

எங்கள் ஊர் முத்துக்குளிப்பும் இப்படித்தான். கடலுக்கடியில் உள்ள பார்களைச் சோதித்து, சிப்பி விளைந்திருந்தால்தான் குளிக்க விடுவார்கள். இல்லாவிட்டால் பாரைச் சும்மா விட்டுவிடுவார்கள். 1961-க்குப் பிறகு குளிப்பே நடக்கவில்லை.

பெரிய மரம், தாங்கும் என்று எல்லோரும் மிதிக்கிறோம். பிள்ளை பெற்றவளையும் அப்படித்தானே நினைத்துவிட்டோம்? லேகியம் கொடுத்தேன், பத்தியம் பார்த்தேன். மனசுக்கு ஓய்வு கொடுக்கத் தோன்றவில்லை.

கடைசிக் கூடையை நான் பதினொரு வீச்சில் போட்டேன். சங்கிலி கொலுசு மாதிரி 'ஜல்' என்றது. மகளுக்கு நாலே வீச்சு! நோயைத் தீர்த்தது சிகிச்சைதான். அதற்குச் சில மாதங்கள் ஆயின. ஆனால் கதவைத் திறந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகள் என்பேன்.

இப்போது ஊரில் எங்கள் தெரு வேப்பமரத்தில் பழைய ஓலைக் கடகத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். பிள்ளைகளைப் பாட்டிமாரிடம் விட்டுவிட்டு, நாலு இளம் தாய்மார் சாயங்காலம் டப்பா மூடி வீசுகிறார்கள். சில்லு ஆடிய கைகள்தானே! டாக்டரைக் கேட்டுவிட்டு நீங்களும் ஆரம்பிக்கலாம். ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் வீசாதீர்கள்.

பெரியவர்கள் கவனத்துக்கு

பிரசவமான முதல் இரண்டு வாரம் அழுகையும் எரிச்சலும் பலருக்கு வந்து, தானாகப் போய்விடும். அதைத் தாண்டியும் சோர்வு, தூக்கமின்மை, குழந்தையிடம் ஒட்டாமை இருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

"அழாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். "வா, கொஞ்சம் நடந்துவிட்டு வருவோம்" என்று சொல்லுங்கள்.