ஒடிந்த கொழு கூறும் சாட்சி

மழை பெய்து நிலம் பதமானவுடன் உழவைத் தொடங்கும் குடியானவருக்கு ஒரு நாள் கூட வீணாகலாகாது. அந்தச் சமயத்தில் கொழு ஒடிந்தால் நஷ்டம் கொழுவின் விலை மாத்திரமன்று. ஈரம் உலர்ந்துபோகும், விதைப்புத் தள்ளிப்போகும். உடனே வழக்கும் எழுகின்றது. குடியானவர் கொல்லரைக் குறை கூறுகின்றார்; கொல்லர் இரும்பைக் குறை கூறுகின்றார்; இரும்பு விற்ற வியாபாரி கொல்லரின் கைவேலையைக் குறை கூறுகின்றார். சங்கத்தின் மூலம் இரும்பு வாங்கியிருந்தால் நிர்வாகக் கமிட்டியாரும் இவ்வழக்கில் சிக்குகின்றனர். பெரும்பாலும் கொல்லரின் கூலியைப் பிடித்துக்கொள்வதோடு வழக்கு முடிகின்றது. அது நியாயமாகவும் இருக்கலாம். பெரும் அநியாயமாகவும் இருக்கலாம். உண்மையைக் கூறக்கூடிய சாட்சி ஒன்று உண்டு. அது ஒடிந்த கொழுவேயாகும். அதன் சாட்சியத்தை அறிய இரும்பின் உள்ளமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

இரும்பின் உள்ளே இருப்பது

இரும்பு வெளிக்கு ஒரே பிண்டமாகத் தோன்றினும் உள்ளே அது சிறு சிறு மணிகள் நெருங்கிச் சேர்ந்த ஒரு கட்டாகும். 1863-ம் வருஷத்தில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்தைச் சேர்ந்த ஹென்றி கிளிப்டன் ஸார்பி என்பவர் உருக்கைப் பளபளப்பாகத் தேய்த்து, திராவகத்தால் சிறிது அரிக்கச் செய்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து இதனைக் கண்டறியத் தொடங்கினார். மணிகள் சிறியனவாக இருந்தால் இரும்பு உறுதியாகவும், அடி தாங்குவதாகவும் இருக்கும். மணிகள் பருத்துவிட்டால் விரிவு எளிதில் ஓடும். மணியின் அளவுக்கும் உறுதிக்கும் உள்ள கணக்கை 1951-ல் ஹால் என்பவரும் 1953-ல் பெட்ச் என்பவரும் வகுத்துக் காட்டினர்.

மணிகளின் அளவையும் தன்மையையும் தீர்மானிப்பவை மூன்று: கலந்துள்ள கரியின் அளவு, காய்ச்சி ஆற்றிய முறை, உடன் சேர்ந்த அழுக்குகள். இரும்பு ஒன்றேயாயினும் இம்மூன்றால் அதன் குணம் முற்றிலும் மாறுகின்றது.

கரியின் அளவு

நூறு பங்கு இரும்பில் கால் பங்கும் அதற்குக் குறைவுமாகக் கரி இருப்பின் அது மெதுவிரும்பு. வளையும், எளிதில் ஒடியாது, ஆனால் முனை நில்லாது. கட்டடக் கம்பிகள் ஏறத்தாழ இவ்வகையைச் சேர்ந்தவை. அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை கரி இருப்பின் அது தோய்ச்சல் ஏற்கும் எஃகு. அரிவாள், கொழுமுனை, உளி ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது. மோட்டார் லாரியின் வில்பட்டையில் கரி அரைப் பங்குக்குச் சற்று மேல் இருப்பதால்தான் கொல்லர்கள் அதனை அரிவாளுக்கு விரும்புகின்றனர். இரண்டு பங்குக்கு மேல் கரி ஏறினால் அது வார்ப்பிரும்பு. அதனை அடித்து நீட்ட இயலாது, சம்மட்டிக்கு உடைந்துபோகும்.

ஆகவே கட்டடக் கம்பியைக் கொடுத்து அரிவாள் அடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னர் முனை மழுங்கிற்று என்று கொல்லரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. இல்லாத கரியைத் தோய்ச்சல் உண்டாக்காது.

உலையும் தோய்ச்சலும்

எஃகைச் சென்டிகிரேட் 727 டிகிரிக்கு மேல் காய்ச்சும்போது, இரும்பு உருகாமலே, வெந்நீரில் சர்க்கரை கரைவது போல, கரி அதனுள் கரைகின்றது. மெல்ல ஆறவிட்டால் கரைந்த கரி பிரிந்து, மெல்லிய தகடுகளாக இரும்புடன் அடுக்கடுக்காக அமைகின்றது. முத்துச்சிப்பியின் ஒளி தோன்றுவதால் இவ்வமைப்புக்குப் பெர்லைட் என்று பெயர். இது நடுத்தரமான உறுதியுடையது. சிவக்கக் காய்ந்த எஃகைத் திடீரென்று தோய்த்தாலோ, கரி பிரிய அவகாசமின்றி உள்ளேயே அகப்பட்டுக்கொள்கின்றது. அப்போது உண்டாகும் மார்ட்டன்சைட் என்னும் அமைப்பு அரத்துக்கும் அசையாத கடினமுடையது. ஆனால் கண்ணாடியைப் போல் நொறுங்கக்கூடியது.

இதனால் தோய்த்த கருவியை மீண்டும் மிதமாகச் சூடுகாட்டிக் கடுமையைத் தணிப்பது அவசியம். துலக்கிய முனையில் படரும் நிறமே சூட்டின் அளவைக் காட்டும். வைக்கோல் மஞ்சள் ஏறத்தாழ 230 டிகிரி, பழுப்பு 255, ஊதா 280, நீலம் 300. மஞ்சளில் நிறுத்தினால் கூர்மை மிகும். நீலத்தில் நிறுத்தினால் அடி தாங்கும் தன்மை மிகும். கல்லிலும் வேரிலும் மோதும் கொழுவை மஞ்சளில் நிறுத்தலாகாது.

உலையில் நேரும் பிழைகள் மூன்று. முதலாவது, மிகைச் சூடு. வேலை முடிந்த பின்னும் இரும்பை மஞ்சள் சூட்டில் வைத்திருந்தால் மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பருக்கின்றன. இதற்குப் பரிகாரம் உண்டு. இளஞ்சிவப்புக்கு மீண்டும் காய்ச்சிக் காற்றில் ஆறவைத்தால் மணிகள் திரும்பவும் பொடியாகும். ஆனால் வெண்சூடேறிப் பொறி பறந்த எஃகு தீய்ந்துவிட்டது. அப்பகுதியை வெட்டி எறிய வேண்டும். இரண்டாவது, நெடுநேரம் பலத்த துருத்திக் காற்றில் வைத்திருத்தல். மேற்பரப்பின் கரி எரிந்துபோய் முனை மென்மையாகிவிடும். மூன்றாவது, எண்ணெயில் தோய்க்க வேண்டியதைக் குளிர்ந்த நீரில் தோய்த்தல். வில்பட்டை எஃகு நீரில் தோய்த்தால் விரிவுகாணும். எண்ணெயே அதற்குத் தக்கது.

தோய்க்க வேண்டிய சூட்டை அறிய ஒரு காந்தமே போதும். சிவந்த எஃகு 770 டிகிரி அளவில் காந்தத்தை ஏற்காமல் போகும். அதற்குச் சற்று மேலே தோய்த்தால் சரியாக இருக்கும்.

அழுக்குகள் செய்யும் கேடு

கந்தகம், பாஸ்வரம், செம்பு ஆகியவை சிறிதளவு சேர்ந்தாலும் இரும்பைக் கெடுப்பவை. கந்தகம் இரும்புடன் கூடி மணிகளுக்கிடையே படிகின்றது. அப்படிவு 1000 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உருகுவதால், சூட்டில் அடிக்கும்போது மணிகள் பிரிந்து இரும்பு வெடிக்கின்றது. பாஸ்வரம் இதற்கு நேர்மாறு. சூட்டில் இணங்கும், ஆறிய பின் ஓர் அடியில் ஒடியும். பழைய இரும்புச் சாமான்களை உருக்கிய கம்பிகளில் செம்பு மிகுந்திருந்தால் சூட்டில் மேற்பரப்பு பாளம் பாளமாக வெடிக்கும்.

பாஸ்வரத்தின் கேட்டைப் பெரிய ஆலைகளும் அனுபவித்தன. 1856-ல் ஹென்றி பெஸ்ஸிமர் உருக்குச் செய்யும் புதிய முறையை வெளியிட்டபோது, அதனை விலைகொடுத்து வாங்கியவர்களின் உருக்கு நொறுங்கிற்று. அவருடைய சோதனைகளில் உபயோகித்த இரும்பில் பாஸ்வரம் குறைவு, மற்றவர்களுடையதில் மிகுதி. 1870-களின் இறுதியில் தாமஸ், கில்கிரிஸ்ட் என்ற இருவர் உலையின் உட்புறத்தைச் சுண்ணாம்புச் சத்துள்ள கல்லால் அமைத்துப் பாஸ்வரத்தைக் கசடுடன் பிரித்தெடுத்த பிறகே அக்குறை நீங்கிற்று.

கந்தகத்திற்கு மருந்து மாங்கனீஸ். அது கந்தகத்தைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டு தனித்தனித் துளிகளாக ஒதுக்கிவிடும். 1830-ம் வருஷ காலத்தில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை அமைத்த ஜோஸையா மார்ஷல் ஹீத் என்பவரே, பின்னர் இங்கிலாந்து சென்று, 1839-ல் மாங்கனீஸ் சேர்த்து உருக்குச் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார்.

கொல்லரின் அடுப்பும் அழுக்கைச் சேர்க்கும். நிலக்கரியில் கந்தகம் உண்டு. மரக்கரியில் அது மிகச் சொற்பம். நிலக்கரியை உபயோகிப்பதாயின் புகை அடங்கிக் கனிந்த பின்பே இரும்பை இடவேண்டும்.

தென்னாட்டு உருக்கு

சேர்க்கை எல்லாம் கேடு என்று கருதுவதும் பிழை. கொங்கு நாட்டில் நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் பழைய இரும்பு உலைகளும் மூசை உலைகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தென்னாட்டுக் கொல்லர்கள் இரும்பை ஆவாரங்குச்சி, பச்சிலை இவற்றுடன் மண் மூசையில் அடைத்துக் காய்ச்சினர். குச்சியின் கரி இரும்பில் ஏறி உருக்காயிற்று. ஐரோப்பியர் இதனை ஊட்ஸ் என்றனர். அவர்கள் தம் வழக்கப்படி வெண்சூட்டில் அடித்தபோது அது நொறுங்கிற்று; மிதமான சிவப்பில் அடிக்கும் கைக்கே அது இணங்கிற்று. 1819-ல் மைக்கேல் பாரடே அதனைச் சோதித்தார். 1998-ல் வெர்ஹோவன், பெண்ட்ரே முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், தாதுவிலிருந்து வந்த வனேடியம் முதலியவற்றின் மிகச் சிறு கலப்பே, முறையாகத் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்கும்போது, அவ்வாட்களின் அலையலையான கோலத்துக்குக் காரணம் என்று காட்டினர். கலப்பும் கைமுறையும் இணைந்தே பொருளின் குணத்தை ஆக்குகின்றன என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை.

ஒடிந்த முகத்தைப் படிக்கும் முறை

ஒடிந்த துண்டுகளைத் துடைக்காமலும், முகத்தோடு முகம் உராயாமலும் வைத்து, வெயிலில் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும்.

1. முகம் பொடியாகவும் சாம்பல் நிறமாகவும் பட்டுப் போன்றும் இருந்தால் இரும்பும் வேலையும் சரி. கல்லில் மோதியதோ, தேய்ந்து மெலிந்ததோ காரணம்.

2. கற்கண்டைப் போல் பருமணிகள் மின்னினால் மிகைச் சூடோ பாஸ்வரமோ காரணம். எது என்று அறிய, அதே பாளத்தின் வேறொரு துண்டை இளஞ்சிவப்புக்குக் காய்ச்சிக் காற்றில் ஆறவைத்து, வெட்டுக் கொடுத்து ஒடிக்க வேண்டும். மணி பொடியாகி, எளிதில் ஒடியாமல் இருந்தால் குறை உலையில். அப்போதும் ஓர் அடியில் மின்னி ஒடிந்தால் குறை இரும்பில்.

3. முகத்தின் ஒரு பகுதி கறுத்தோ நீலம் பூத்தோ இருந்தால், கருவி வயலுக்குப் போகுமுன்பே அங்கு விரிவு இருந்தது. அடிக்கும்போதோ தோய்ச்சலிலோ நேர்ந்தது அது. துருப்பிடித்திருந்தால் விரிவுகண்ட பின்னும் சில நாள் உழுதிருக்கின்றனர்.

4. ஒடியாமல் வளைந்தால், அவ்விரும்பின் சிறு துண்டைச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்து அரமிட வேண்டும். அரம் எளிதில் கடித்தால் கரி போதாது. கொல்லர் மீது குற்றமில்லை.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இரும்பு வாங்கும்போது ஆலையின் சோதனைச் சீட்டைக் கேட்டு, கரி, கந்தகம், பாஸ்வரம், மாங்கனீஸ் ஆகியவற்றின் அளவைக் குறித்துவைக்க வேண்டும். சீட்டில்லாத பழைய இரும்பாயின் சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பார்க்கலாம். மெதுவிரும்பின் பொறி நீண்டு, கிளைகள் சிலவாக இருக்கும். எஃகின் பொறி பூப்போல் பலவாக வெடிக்கும். வார்ப்பிரும்பின் பொறி மங்கிய சிவப்பாய்க் குறுகி நிற்கும். ஒவ்வொரு சரக்கிலும் ஒரு முழம் வெட்டி, தேதியிட்டுச் சங்கத்தில் வைத்துக்கொள்வது நலம். பின்னர் வழக்கு எழுந்தால் மேற்கூறிய சோதனைகளுக்கு அத்துண்டே ஆதாரமாகும்.

இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். இவை இல்லாமையால் ஆகும் நஷ்டமோ பெரிது: விதைப்புக் காலத்தில் இழந்த நாள் ஒன்று, செய்யாத பிழைக்குக் கூலி இழந்து பட்டறையை மூடும் கொல்லர் ஒருவர். இனிக் கொழு ஒடியுமாயின், கூலியைப் பிடிக்குமுன் துண்டுகள் இரண்டையும் கமிட்டியின் முன் வைத்து, கொல்லரையும் உடனிருத்திப் பார்க்க வேண்டும். அவ்வாறு செய்யும் சங்கத்தில் அங்கத்தினருக்கு நல்ல கருவியும் தொழிலாளிக்கு நியாயமும் ஒருங்கே கிட்டும்.