கதிர் தலை சாயாத ஆண்டு

ஜப்பான் நாட்டு நெல் விவசாயிகளுக்கு 1993-ஆம் ஆண்டு ஒரு கெட்ட கனவு. நில நடுக்கம், ஆழிப்பேரலை, எரிமலைச் சேறு, மண்சரிவு, புயல் என்று இயற்கை தன் கையிலிருந்த அத்தனை ஆயுதங்களையும் அந்த ஓராண்டில் அந்நாட்டின் மீது வீசிப் பார்த்தது. ஆனால் எல்லாவற்றையும் விட நாட்டை அதிகம் ஆட்டி வைத்தது, வீடு இடியாமல், ஓசையும் இல்லாமல் வந்த ஒரு குளிர். நெல்லையே நம்பி வாழும் நம் விவசாய அன்பர்கள் அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பொங்கலை ஒட்டிய நாளில், ஜனவரி 15-ஆம் தேதி, வட தீவான ஹொக்கைடோவின் குஷிரோ கடற்கரையில் பெரிய நில நடுக்கம் ஏற்பட்டது. அதில் உயிரிழப்பு குறைவு. ஜூலை 12-ஆம் தேதி இரவு பத்தேகால் மணி அளவில் அதே ஹொக்கைடோவின் மேற்குக் கடலில் நேர்ந்த இரண்டாவது நில நடுக்கம் அப்படி விடவில்லை. ஒகுஷிரி என்ற சிறு தீவை மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குள் ஆழிப்பேரலை அடித்தது. வானிலை நிலையத்தின் எச்சரிக்கை வெளிவருவதற்குள் அலை கரையேறிவிட்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 230 பேர். பத்தாண்டுகளுக்கு முன், 1983 மே மாதத்திலும் அந்தத் தீவுக்கு அலை வந்திருந்தது. அந்த நினைவில், நிலம் ஆடியதுமே கட்டிய துணியோடு மேட்டுக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள். முன்பு அலை வரக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனதை நினைத்து, நேரம் இருக்கிறது என்று எண்ணியவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

தெற்கே கியூஷு தீவில் 1990-இல் விழித்துக்கொண்ட உன்சென் எரிமலை இன்னும் அடங்கவில்லை. மழை பெய்யும்போதெல்லாம் அதன் சரிவில் கிடந்த சாம்பலும் கல்லும் சேறாக இறங்கி வீடுகளையும் வயல்களையும் மூடின. அதே தீவின் ககோஷிமா நகரில் ஆகஸ்டு 6-ஆம் தேதி கொட்டிய மழையில் 49 பேர் மாண்டும் மறைந்தும் போனார்கள். ஆற்றின் மேல் நின்ற ஐந்து பழைய கல் பாலங்களில் இரண்டு அடித்துச் செல்லப்பட்டன. மலைக்கும் கடலுக்கும் நடுவே மண்சரிவில் சிக்கிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படகுகளில்தான் மீட்டார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் அதே பகுதியைப் பெரும் புயலும் தாக்கியது.

இதற்கு நடுவில் ஜூன் மாதம் பட்டத்து இளவரசர் திருமணம் நடந்தது. ஆகஸ்டு மாதம், 1955 முதல் தொடர்ந்து ஆண்ட கட்சி பதவி இழந்து, ஹொசோகவா என்பவர் பிரதமரானார். பத்திரிகைகள் இவற்றை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் வடகிழக்கு வயல்களில் நெல் பச்சையாகவே நின்றுகொண்டிருந்தது.

கீழ்க்கடல் வாடை

ஜப்பானின் வடகிழக்குப் பகுதியைத் தோஹோக்கு என்பார்கள். அவோமோரி, இவாத்தே, மியாகி, புகுஷிமா ஆகிய மாவட்டங்கள் அதில் அடங்கும். நாட்டின் நெற்களஞ்சியங்களில் அது ஒன்று. அங்கே ஆண்டுக்கு ஒரு போகம்தான். மே மாதத்தில் நடவு, ஆகஸ்டில் கதிர், செப்டம்பர் கடைசியிலிருந்து அறுவடை. இந்தக் கணக்கில் ஒரு வாரம் தவறினாலும் பின்னால் பனி காத்திருக்கும்.

அங்குள்ள விவசாயிகள் பாட்டன் காலத்திலிருந்து அஞ்சும் காற்று ஒன்று உண்டு. யமாசே என்று பெயர். வடக்கே ஒகோட்ஸ்க் கடலின் மேல் காற்றழுத்தம் மிகுந்து நிலைத்துவிட்டால், குளிர்ந்த ஈரக் காற்று வடகிழக்கிலிருந்து கரைக்கு வீசும். மூடுபனியும் மேகமும் சேர்ந்து வரும், வெயில் தெரியாது. நம் ஊர் வாடை மார்கழியில் அடிக்கும். இந்த வாடை நடுக் கோடையில் அடிப்பது. இதனால் பஞ்சம் வந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட வரலாறு அந்தப் பகுதிக்கு உண்டு.

1993-இல் இந்தக் காற்று ஜூலையிலும் ஆகஸ்டிலும் விடாமல் வீசியது. வெப்பநிலை வழக்கத்தைவிட 2, 3 டிகிரி குறைந்தது. கீழ்க்கரையில் பகலிலேயே 20 டிகிரியைத் தாண்டாத நாட்கள் வந்தன. மழைக்காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்த வானிலைத் துறை, பிறகு அந்த அறிவிப்பையே திரும்பப் பெற்றுக்கொண்டது. 1991-இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாடுபோ எரிமலை வானத்தில் ஏற்றிய புழுதி, உலகெங்கும் வெயிலைச் சற்றே குறைத்திருந்தது. அதுவும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

குளிரில் நெல் பதராவது எப்படி?

பயிர் பார்வைக்குச் செழிப்பாகவே இருந்தது என்பதுதான் இதில் கொடுமை. கதிர் வெளிவருவதற்கு 10 முதல் 15 நாட்களுக்கு முன்பு, இளங்கதிர் தண்டுக்குள் பொதியாக இருக்கும்போது, அதன் பூக்களில் மகரந்தம் உருவாகிறது. நெற்பயிரின் வாழ்நாளில் மிக மென்மையான பருவம் அது. அந்தச் சில நாட்களில் குளிர் 17 டிகிரிக்குக் கீழே இறங்கி நீடித்தால் மகரந்தம் சரியாக உருவாகாது. கதிர் வெளியே வரும், பூக்கும். ஆனால் மணி பிடிக்காது, அத்தனையும் கருக்காய்.

பால் பிடித்து முற்றிய கதிர்தானே வளையும்? அந்த இலையுதிர் காலத்தில் வடகிழக்கு வயல்களில் கதிர்கள் ஈட்டி போல நேராக நின்றன. அறுவடைக் கூலிக்குக்கூடத் தேறாது என்று கண்ட பலர் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள்.

வழக்கமான விளைச்சலை 100 என்று வைத்துக்கொண்டால், அந்த ஆண்டு அவோமோரியில் 28, இவாத்தேயில் 30, மியாகியில் 37, ஹொக்கைடோவில் 40. அதாவது நூறு மூட்டை காண வேண்டிய களத்தில் 28 மூட்டை. இதுவும் சராசரிதான். கீழ்க்கரை ஊர்கள் சிலவற்றில் கண்டுமுதல் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 74. ஏறக்குறைய 1 கோடி டன் அரிசி தேவைப்படும் நாட்டில் 78 லட்சம் டன்தான் கிடைத்தது.

வரப்பு உயர நீர் உயரும்

இந்தப் பாட்டிலும் தப்பித்த வயல்கள் இருந்தன. பக்கத்து வயல் பதராக நிற்க, ஒரு வயலில் மட்டும் ஓரளவு மணி பிடித்திருந்தது. காரணம் தேடிப் போனவர்கள் கண்ட முதல் காரணம் தண்ணீர்.

பொதிப் பருவத்தில் இளங்கதிர் தண்டின் அடிப்பகுதியில், தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்துக்குள்தான் இருக்கும். அந்த நாட்களில் வயலில் 6 முதல் 8 அங்குலம் வரை நீர் கட்டி வைத்தால், கதிர்க்கரு நீருக்குள் மூழ்கியிருக்கும். இரவில் காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் பகல் சூட்டை வாங்கி வைத்த நீர் அவ்வளவு சீக்கிரம் குளிராது. பயிருக்குப் போர்வை போர்த்தியது போல. மலையிலிருந்து வரும் வாய்க்கால் நீர் சில்லென்று இருப்பதால், இரவிலும் விடியற்காலையிலும் மட்டும் நீர் பாய்ச்சி, பகலில் மடையை அடைத்து நீரைச் சூடேற விட வேண்டும். இவ்வளவுதான் முறை, செலவு எதுவும் இல்லை.

ஆனால் இதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, உயரமான வரப்பு. எட்டு அங்குல நீரைத் தாங்க வரப்பு ஓர் அடியாவது இருக்க வேண்டும். கவனிப்பின்றித் தேய்ந்து தாழ்ந்துபோன வரப்புகள் நீரைத் தாங்கவில்லை. இரண்டாவது, வயலில் ஆள். அந்நாட்டு விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் வாரம் முழுவதும் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வயலுக்கு வருபவர்கள். நடவுக்கும் அறுவடைக்கும் எந்திரம் உண்டு. விடிகாலையில் மடை திறந்து அடைக்க எந்திரம் ஏது?

இன்னொரு காரணம் உரம். தழைச்சத்து அதிகம் வாங்கிய பயிர் குளிரை மிகக் குறைவாகவே தாங்கியது. கரும்பச்சையாக, பார்த்தவர் மெச்ச நின்ற வயலே முதலில் பதரானது. போதாக்குறைக்கு மழையும் மேகமும் நிலைத்திருந்ததால் குலை நோயும் புகுந்தது. அதுவும் தழைச்சத்து மிகுந்த வயலைத்தான் தேடிப் பிடித்தது. யூரியாவை அள்ளி விடும் பழக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

மூன்றாவது, ரகம். மியாகி மாவட்டத்தில் சசானிஷிகி என்ற ரகம்தான் வயலை நிறைத்திருந்தது. 1963-இல் வெளிவந்த ரகம் அது. சோறு சுவையானது, சந்தையில் நல்ல விலை. ஆனால் குளிர் தாங்காது. விலையைப் பார்த்து எல்லோரும் அதையே நட்டார்கள். இத்தனைக்கும், அதே மியாகியிலுள்ள ஃபுருகவா ஆராய்ச்சி நிலையம் குளிர் தாங்கும் ஹிதோமெபோரே என்ற ரகத்தை 1991-லேயே வெளியிட்டிருந்தது. குளிர்ந்த நீரை வயலில் ஆழமாகக் கட்டி, அதில் எது மணி பிடிக்கிறது என்று பார்த்துப் பொறுக்கும் முறை அந்த நிலையத்தில் உண்டு. 1993-க்குப் பிறகு எவரும் சொல்லாமலே மியாகி விவசாயிகள் ஹிதோமெபோரேக்கு மாறினார்கள். சில ஆண்டுகளில் சசானிஷிகி ஓரத்துக்குப் போய்விட்டது.

அரிசிக் கடையில் வரிசை

விந்தை என்னவென்றால், பல ஆண்டுகளாக அரிசி மிஞ்சுகிறது என்று சொல்லி, நெல் நடாமல் நிலத்தை விடுங்கள் என விவசாயிகளுக்கு அரசே பணம் கொடுத்து வந்த நாடு அது. 1970-களின் தொடக்கத்திலிருந்து நடந்த ஏற்பாடு. கையிருப்பையும் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1993 அறுவடை நேரத்தில் அரசிடம் இருந்த பழைய அரிசி 2 லட்சம் டன்னுக்குச் சற்றே மேல். நாட்டின் ஒரு வாரச் சாப்பாடு!

1994 தொடக்கத்தில் கடைகளில் உள்நாட்டு அரிசி மறைந்தது. வரிசைகள் நீண்டன, பதுக்கல் நடந்தது. நெல் விளைவித்த குடும்பங்களே கடையில் அரிசி வாங்கின. ஓர் அரிசி மணியைக்கூட வெளிநாட்டிலிருந்து வாங்கமாட்டோம் என்று முழங்கி வந்த நாடு, தாய்லாந்து, சீனா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா நாடுகளிலிருந்து சுமார் 26 லட்சம் டன் அரிசியை வாங்கியது. உலகச் சந்தையில் விலை கிடுகிடுவென ஏறியது. அதன் சுமை, அரிசி வாங்கிச் சாப்பிடும் ஏழை நாடுகளின் தலையில் விழுந்தது. ஜப்பானின் குளிரைப் பற்றி அங்குள்ளவர்கள் எவரும் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

தாய்லாந்து அரிசியை ஜப்பானியர் விரும்பவில்லை. நீளமான, உதிரியான அரிசி அது. நம் வீட்டுப் பெண்மணிகள் கையில் கிடைத்திருந்தால் கஞ்சி வடித்து, குழம்பு ஊற்றி நன்றாகவே பரிமாறியிருப்பார்கள். அவர்களோ மூடிய பானையில் குழைவாகச் சமைத்துக் குச்சியால் எடுத்து உண்பவர்கள். உள்நாட்டு அரிசியோடு கலந்து விற்றுப் பார்த்தார்கள், எடுபடவில்லை. இறக்குமதியில் ஏறக்குறைய 10 லட்சம் டன் விற்காமல் தேங்கியது. அரிசி அனுப்பிய தாய்லாந்து மக்களுக்கு அது மனவருத்தத்தைத் தந்ததில் வியப்பில்லை.

இதற்கிடையே 1993 டிசம்பரில், உலக வாணிப ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் தன் தேவையில் 4 முதல் 8 சதவிகிதம் வரை வெளி அரிசிக்கு வழிவிட ஹொசோகவா அரசு ஒப்புக்கொண்டது. விவசாயிகள் கொதித்தார்கள். ஆனால் கடையில் அரிசி இல்லாத நேரத்தில் அவர்கள் குரல் எடுபடவில்லை. 1994-இல் வெயில் நன்றாக அடித்து, விளைச்சல் வழக்கத்தைவிட 9 சதவிகிதம் கூடியது. விலை சரிந்தது, இரண்டு ஆண்டும் அடி விவசாயிக்கே. 1942-லிருந்து இருந்த பழைய உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1995-இல் போய், புதுச் சட்டம் வந்தது. அதோடு அரசு முறையாகக் கையிருப்பு வைக்கவும் தொடங்கியது. 2024-இல் மீண்டும் கடைகளில் அரிசி காலியானபோது, 2025-இல் அந்தக் கையிருப்பைத்தான் எடுத்து விட்டார்கள். இம்முறை பேசப்பட்டது குளிரல்ல. 2023-ஆம் ஆண்டுக் கடும் வெப்பம்.

விதைக்குப் போன தூரம்

பதரான பயிரில் விதை நெல் ஏது? இவாத்தே மாவட்டத்தில் குளிர் தாங்கும் புது ரகம் ஒன்று கைவசம் இருந்தது. ஆனால் அடுத்த பட்டத்துக்குப் போதுமான விதை இல்லை. அவர்கள் வயல்களிலோ குளிர்காலம் முழுவதும் பனி. ஆகவே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், நாட்டின் தென்கோடியில் தைவானுக்கு அருகிலுள்ள இஷிகாகி தீவு விவசாயிகளிடம் உதவி கேட்டார்கள். அங்கே குளிர்காலத்திலும் நெல் வளரும். தீவுக்காரர்கள் தங்கள் வயல்களைக் கொடுத்தார்கள். 1994 தொடக்கத்தில் நட்டு, அறுத்த விதை வடக்கே வந்து சேர்ந்தது. அந்த ரகத்துக்குப் பிறகு கக்கேஹாஷி என்று பெயரிட்டார்கள். பாலம் என்று பொருள்.

இஷிகாகி தீவில் இப்போது அதிகம் பயிராகும் நெல் எது தெரியுமா? வடக்கே குளிருக்காகத் தேர்ந்தெடுத்த அதே ஹிதோமெபோரேதான். ஜூன் மாதத்திலேயே அறுவடையாகி, நாட்டின் முதல் புது அரிசிகளில் ஒன்றாகச் சந்தைக்கு வந்துவிடுகிறது.