வீடு கேட்பது யாசகமா?

1987 இல் பிரித்தானிய அரசு தமிழ் அகதிகள் பலரைத் தங்கவைத்த இடம் ஒரு கப்பல். ஹாரிச் துறைமுகத்தில் கட்டி நிறுத்தப்பட்டிருந்த 'ஏர்ள் வில்லியம்' அது. அவ்வாண்டு ஒக்ரோபர்ப் புயலில் கட்டறுந்து மிதந்தது. இன்று ஈஸ்ற்ஹாமிலும் ஹரோவிலும் எம்மவர் பலருக்குச் சொந்த வீடுகள் உண்டு. ஆனால் எம்மில் ஒரு பகுதியினர் இன்னமும் கட்டறுந்த நிலையிலேயே வாழ்கின்றனர். அவர்களைப் பற்றி நாம் கதைப்பதில்லை.

என் சின்னம்மாவின் மகன் 2009 இல் வன்னியில் செல்வீச்சில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவன். சக்கர நாற்காலியில் இருப்பவன். லண்டனில் ஒரு கடைக்கு மேலே, இரண்டாம் மாடி அறையொன்றில் வாடகைக்கு இருந்தான். இருபத்துமூன்று படிகள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் நானும் என்னுடன் தொழிற்சாலையில் வேலைசெய்யும் ஒருவரும் அவனைத் தூக்கி இறக்குவோம். ஊரில் மாணவருக்கு ரிக்கார்டோவின் வாடகைக் கோட்பாட்டை விரிவுரை செய்தவன் நான். வாடகை என்றால் என்னவென்று அந்தப் படிகளில்தான் படித்தேன்.

கவுன்சிலிடம் வீடு கேட்போம் என்றபோது எமது வட்டத்து நண்பர் ஒருவர், "அது யாசகமல்லவா?" என்றார். சீதன வீட்டையும் வேலியையும் கௌரவத்தின் அளவுகோலாகக் கொண்ட சமூகத்தில் இக்கேள்வி எழுவது வியப்பல்ல. ஆயினும் கேள்வியே தவறு. வீடற்றோருக்கு உதவுவதை உள்ளூராட்சி மன்றங்களின் சட்டக் கடமையாக்கியது 1977 ஆம் ஆண்டுச் சட்டம். இன்று நடைமுறையிலிருப்பது அதன் வழிவந்த 1996 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம். 2018 முதல், வீடிழக்கும் ஆபத்து 56 நாட்களுக்குள் இருந்தாலே கவுன்சில் தலையிடவேண்டும். கடமை என்று சட்டம் சொல்வதைக் கேட்டுப் பெறுவது யாசகமாகாது.

இச்சட்டத்தில் எம்மவர் அறியாத ஒன்றுண்டு. 'வீடற்றவர்' என்பதற்குத் தெருவில் படுப்பவர் என்று மட்டும் பொருளல்ல. இருக்கும் இடத்தில் தொடர்ந்து வாழ்வது நியாயமற்றதெனில், கூரை இருந்தாலும் அவர் வீடற்றவரே. வெளியே இறங்க முடியாத மாடியறை ஒருவருக்கு வீடாகாது என்று வாதிடலாம். ஆனால் முழுக் கடமை எழுவதற்கு வதிவிட உரிமை நிலை, முன்னுரிமைத் தேவை, வேண்டுமென்றே வீட்டை இழக்காமை ஆகியனவும் வேண்டும். புகலிடத் தீர்ப்புக்குக் காத்திருப்போர் இதற்கு வெளியே, 1999 ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய தனி ஏற்பாட்டுக்குள் அடங்குவர். வீட்டுக்காரர் போகச் சொன்னதும் சாவியைக் கொடுத்துவிட்டு வருவது பெரும் பிழை. 'தானே வெளியேறினார்' என்று எழுதிவிடுவார்கள். முதலில் சட்ட ஆலோசனை பெறவேண்டும்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். நேர்முகத்தில் அதிகாரி, "இவரை யார் கவனிக்கிறார்கள்?" என்று கேட்டார். "நான் இருக்கிறேன், நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றேன். எங்கள் ஆக்களின் வழக்கமான பதில். சில வாரங்களில் மறுப்புக் கடிதம் வந்தது: உறவினரின் உதவி இருப்பதால் இவர் பாதிப்புக்கு எளிதில் உள்ளாகக்கூடியவரல்லர். 2015 இல் உச்ச நீதிமன்றம் ஹோற்றாக் வழக்கில் இதைத்தான் ஆராய்ந்தது. விண்ணப்பதாரரை, வீடிழந்த ஒரு சாதாரண மனிதரோடு ஒப்பிடவேண்டும். குடும்ப உதவியைக் கணக்கில் எடுக்கலாம், ஆனால் அது நிச்சயமானதாகவும் தொடர்ச்சியானதாகவும் இருக்கவேண்டும். உதவி இருப்பதாலேயே ஒருவர் பாதிப்புக்கு உள்ளாகாதவர் ஆகிவிடார் என்றது தீர்ப்பு. என் கௌரவம் தம்பியின் உரிமைக்குக் குறுக்கே நின்றுவிட்டது.

மறுபரிசீலனை கேட்க 21 நாட்கள் உண்டு. இம்முறை உள்ளதை எழுதினேன்: எனக்கு இரவு வேலை, முதுகுவலி, நான் இல்லாத நாட்களில் அவன் கழிப்பறைக்குப் போவதே சிரமம். தொழில்வழிச் சிகிச்சையாளரின் கடிதத்தில் நோயின் பெயரைவிட அவனால் எவற்றைச் செய்ய முடியாது என்பதே விரிவாக இருந்தது. முடிவு மாறியது. இன்று அவன் கீழ்த்தளத்தில் ஒரு தற்காலிக இடத்தில் இருக்கிறான். நிரந்தர வீட்டுக்காகக் காத்திருக்கிறான்.

காத்திருப்பு ஏன் நீள்கிறது? 1980 ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்போருக்கு வாங்கும் உரிமை கொடுத்தபின் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20 இலட்சம் வீடுகள் விற்கப்பட்டன. அந்த இழப்பு ஈடுசெய்யப்படவில்லை. 2011 இல் வந்த 'கட்டுப்படியாகும் வாடகை' என்பது சந்தை வாடகையின் 80 வீதம் வரை போகலாம். லண்டனில் அது யாருக்குக் கட்டுப்படியாகும் என்பது வேறு கேள்வி. தனியார் வாடகைக்கான அரச உதவியோ 2016 முதல் 2020 வரை உறைநிலையில் வைக்கப்பட்டது.

எனினும் சில வாசல்கள் உண்டு. இங்கிலாந்தில் வீட்டை மாற்றியமைக்க 30,000 பவுண் வரை மானியம் பெறலாம். சாய்தளம், படியேற்றி, தடுப்பில்லாத குளியலிடம் போன்றவற்றுக்கு அது உதவும். பெரியவர்களுக்கு வருமான மதிப்பீடு உண்டு, பிள்ளைகளுக்கு இல்லை. தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்போரும் உரிமையாளரின் சம்மதத்துடன் விண்ணப்பிக்கலாம். ஆறு மாதங்களுக்குள் கவுன்சில் முடிவு சொல்லவேண்டும். புதிய குடியிருப்புகளில் 10 வீதம் சக்கர நாற்காலிக்கு ஏற்றவையாக இருக்கவேண்டும் என்பது 2004 முதல் லண்டன் திட்டத்தின் கொள்கை. ஆகவே பதிவேட்டில் சேரும்போது, படியேற முடியாது என்பதைத் தெளிவாகப் பதியவேண்டும்.

1980களில் எமக்கு முன் வந்தவர்கள் தாமே ஒரு தமிழ் வீடமைப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் பின்னர் நாம் கோயில்களையும் சனிக்கிழமைப் பாடசாலைகளையும் கட்டினோம். அவை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் படிவம் நிரப்பவும், மறுப்புக் கடிதம் வந்தால் 21 நாட்களுக்குள் பதிலெழுதவும் தெரிந்த இரண்டுபேர் ஒவ்வொரு வட்டத்திலும் இருந்தால் எத்தனை பேர் படியிறங்குவார்கள்? கோட்பாடு பேசும் எமக்கு அது கடினமான வேலையல்ல.

ஒரு வேண்டுகோளும் உண்டு. எமது சென்ற வாசகர் கூட்டம் மாடியில் நடந்தது. தம்பியும் வர விரும்பினான். அடுத்ததைக் கீழ்த்தளத்தில் வைப்போம்.