உங்களுக்குத் தெரியுமா? தாளைப் பார்க்காமல் செய்தி சொன்னவர்

தொலைக்காட்சியில் முதன்முதலாகத் தெலுங்குச் செய்தி வாசித்தவர் சாந்தி ஸ்வரூப். ஐதராபாத் தூர்தர்ஷனில் 1983 நவம்பர் 14 அன்று அவர் குரல் ஒலித்தது. என்.டி.ராமராவ் ஆந்திரப் பிரதேச முதல்வராகி ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. அடுத்த ஆகஸ்டிலேயே ஆளுநர் அவரது ஆட்சியைக் கலைத்தார்; ஒரே மாதத்தில் ராமராவ் மீண்டும் முதல்வரானார். ஒரு செய்திப் பிரிவுக்கு இதைவிடச் சூடான தொடக்கம் ஏது?

அப்போது எழுத்தை ஓடவிடும் டெலிபிராம்ப்டர் அங்கே இல்லை. ஸ்வரூப் முழுச் செய்தியையும் மனப்பாடம் செய்து, கேமராவைப் பார்த்தபடியே சொல்வார். சுமார் பத்தாண்டுகள் இப்படியே ஓட்டினார். தலைவர்களின் பெயர், பதவி, தொகுதி எதிலும் நாக்கு பிறழக் கூடாதே! இன்று திரையில் கூச்சலிடுபவர்களை ஒருநாள் இப்படி உட்கார வைத்துப் பார்க்கலாம்.

போபால் விஷவாயு விபத்தை வைத்து நாவலும் எழுதியிருக்கிறார். அவர் மனைவி ரோஜா ராணியும் செய்தி வாசிப்பாளர்தான். 2011இல் ஓய்வு பெற்ற ஸ்வரூப், 2024 ஏப்ரல் 5 அன்று ஐதராபாத்தில் காலமானார். ஐதராபாத் பக்கம் ஐம்பது வயது தாண்டிய உறவினர் யாராவது இருந்தால், அவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.