குடும்பத்திட்ட முறை: வைத்தியரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது

முகாமில் இருந்த காலத்தில் பலருக்கு ஊசித் தவணை தப்பியது. குளிசை அட்டையும் கிளினிக் கார்டும் பயணத்தில் தொலைந்தன. இப்போது தம்பலகாமத்துக்குத் திரும்பி, தறப்பாளின் கீழ் இருந்துகொண்டு வீடு கட்டும் நேரத்தில், அடுத்த பிள்ளை எப்போது என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒத்துக்கொண்ட முறை உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கதையுங்கள். அவர் உங்களைக் கிளினிக் வைத்தியரிடம் அனுப்புவார். அரச கிளினிக்கில் வைத்தியரைக் காட்டக் காசு இல்லை. கார்ட் தொலைந்திருந்தாலும் போகலாம். கடைசி ஊசி எந்த மாதம் போட்டீர்கள் என்பதை மட்டும் ஞாபகப்படுத்திக்கொண்டு போங்கள்.

வைத்தியர் கேட்பவை சிலவேளை வெட்கமாக இருக்கும். ஆனாலும் மறைக்காதீர்கள். பிரஷர் உள்ளவருக்கும், காலில் இரத்தம் கட்டி வீங்கியவருக்கும், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பவருக்கும் வழக்கமான குளிசை பொருந்தாது. வலிப்புக்கும் சயரோகத்துக்கும் கொடுக்கும் சில மருந்துகள் குளிசையின் பலனையும், கைத்தோலின் கீழ் வைக்கும் குச்சியின் பலனையும் குறைத்துவிடும். நீங்கள் குடிக்கும் எல்லா மருந்தையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

உங்கள் அன்றாட வாழ்க்கையையும் சொல்லுங்கள். விடியற்காலையில் வயலுக்குப் போய் இருட்டிய பின் வருபவருக்குத் தினமும் குளிசை ஞாபகம் இருக்குமா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி அவருக்கு வசதிதான். ஆனால் மாதவிடாய் ஒழுங்கு தப்பும், நின்றும் போகலாம். ஊசியை நிறுத்திய பின் கரு தங்கப் பல மாதம் ஆகலாம் என்பதால், அடுத்த வருடமே பிள்ளை வேண்டும் என்பவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கிளினிக் தூரமாக இருந்தால் லூப்பையும் கைக்குச்சியையும் பற்றிக் கேளுங்கள். செம்பு லூப் பத்து வருடம் வரையும், கைக்குச்சி ஐந்து வருடமும் வேலை செய்யும். லூப் வைத்த முதல் மாதங்களில் இரத்தப்போக்கு கூடலாம். இரத்தசோகை உள்ளவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். லூப் ஏறி நெஞ்சுக்குப் போகும் என்ற கதையை நாங்கள் எத்தனையோ கூட்டங்களில் கேட்டுவிட்டோம். கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது.

நிரந்தரச் சத்திரசிகிச்சையை மட்டும் அவசரத்தில் தீர்மானிக்காதீர்கள். 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தமிழ்நாட்டுக் கரையோரத் தாய்மார் சிலர், கட்டிய குழாயை மறுபடி இணைக்க வைத்தியசாலைக்குப் போனார்கள். எல்லாருக்கும் அது பலன் தருவதில்லை. ஆணுக்குச் செய்யும் சத்திரசிகிச்சை இதைவிடச் சிறியது. செய்த பின் மூன்று மாதம் ஆணுறை போன்ற வேறு முறையும் வேண்டும். பால்வினை நோயிலிருந்தும் காப்பது ஆணுறை மட்டுமே.

எதை வைப்பதானாலும் உங்கள் சம்மதம் வேண்டும். 2013இல் கிளிநொச்சி வேரவில் பகுதியில், தாய்மாருக்குச் சரியாக விளக்காமல் கைக்குச்சி வைத்ததாகப் புகார் எழுந்தது. ஆகவே கையை நீட்டுமுன் கேளுங்கள்: இது என்ன, எத்தனை வருடம் இருக்கும், ஒத்துக்கொள்ளாவிட்டால் எங்கே, யார் எடுப்பார்? தமிழில் விளங்கும்வரை கேளுங்கள். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று திரும்பிவரவும் உங்களுக்கு உரிமை உண்டு. நிவாரணப் பொருளுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எந்த முறையும் வேண்டாம் என்றாலும் உங்கள் பங்கு உங்களுக்குக் கிடைக்கும்.

தவணை தப்பிய பின் உறவு நடந்துவிட்டதா? 72 மணித்தியாலத்துக்குள் எடுக்கும் அவசரக் குளிசை உண்டு. முந்தி எடுத்தால் பலன் கூட. அதற்குப் பிறகு வழக்கமான முறைக்கு கிளினிக்குக்குப் போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போகலாம்.